மறுமொழி: ஆனியன் ஸ்கின்னுக்கு ‘சுவடு’ சரியாக வருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்டாப் மோஷன் மென்பொருளில் வரும் ‘ஆனியன் ஸ்கின்’ போன்ற சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இரண்டு வாரமாக நான் எழுதவில்லை. மயிலாப்பூரில் ஒரு மாடியறையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஸ்டாப் மோஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்த சொற்களை ஒவ்வொன்றாக அங்கே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஸ்டாப் மோஷன் என்றால், பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், இன்னும் சிறிது நகர்த்தி இன்னொரு படம். வரிசையாக ஓட்டினால் பொம்மை தானே அசைவது போலத் தெரியும். நொடிக்கு 12 படம் என்றால் பத்து நொடிக்கு 120 படம். எவ்வளவு நகர்த்தினோம் என்று கைக்கு நினைவிருக்காது. அதனால் கேமரா இப்போது பார்ப்பதன்மேல், கடைசியாக எடுத்த படத்தை மங்கலாகப் போர்த்திக் காட்டுகிறது மென்பொருள். அதுதான் ஆனியன் ஸ்கின். தொடங்குபவர்கள் மென்பொருள் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான். ஃபோன் மட்டும் இருப்பவர்களுக்கு ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போதும். கணினியும் வெப்கேமும் இருந்தால் போட்ஸ் அனிமேட்டர். இலவசம், திறமூலம், லினக்ஸிலும் ஓடும். டிராகன்ஃபிரேம் பெரிய ஸ்டுடியோக்கள் பயன்படுத்துவது, கேமராவைக் கணினியிலிருந்தே ஆட்டி வைக்கும். முதல் படத்துக்கு அதில் காசு போட வேண்டாம் என்பேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> ‘வெங்காயத் தோல்’ என்று அப்படியே வைத்துவிட்டால் என்ன? ஆங்கிலத்திலும் அதுதானே.

ஆங்கிலத்தில் அதற்கொரு காரணம் இருந்தது. வெங்காயச் சருகு போல மெல்லிய ஒரு தாளுக்கு அந்தப் பெயர். டைப்ரைட்டரில் கார்பன் நகல் எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். கையால் படம் வரைந்தவர்களும் அடித்தாளில் இருப்பது மேல்தாளில் தெரிய வேண்டும் என்று அத்தகைய தாளில் வரைந்தார்கள். அந்தத் தாள் நம் பிள்ளைகளின் கையில் வந்ததே இல்லை. அதோடு தமிழில் வெங்காயம் என்றால் உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லாதது. பெரியார் வாயில் அந்தச் சொல் எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவது என்ற பொருள் நம் காதில் விழாது.

அதே காரணத்தால் அடியில் இருப்பது தெரியும் தாள் என்ற பொருளில் நான் முன்பு சொன்ன ‘ஊடுதாள்’ என்பதையும் திரும்பப் பெறுகிறேன். தாளில் தேங்காய் எண்ணெய் தடவி, ஜன்னல் கண்ணாடியில் வைத்து இந்திய வரைபடம் எடுத்த தலைமுறைக்குத்தான் அது இனிக்கும். அதைச் சொன்னதும் ஒரு பையன் தாளை எங்கே வைக்கணும் என்று கேட்டான்.

> ‘நிழல்’ எளிய சொல், எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் பிடித்திருந்தது. முதல் நாள் இதைத்தான் பயன்படுத்தினேன். “நிழலைப் பார்த்து நகர்த்து” என்று ஒரு சிறுமியிடம் சொன்னேன். அந்தச் சிறுமி திரையைப் பார்க்கவில்லை. குனிந்து, மேஜை விளக்கு வெளிச்சத்தில் சார்ட் அட்டைமேல் விழுந்திருந்த பொம்மையின் நிழலைப் பார்த்தாள். அவள் செய்தது முழுக்கச் சரி. இந்த வேலையில் உண்மையான நிழலைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறோம்: கை நிழல் விழுகிறது, விளக்கைத் தள்ளு, ஜன்னல் திரையை இழு. அந்த இடத்தில் இன்னொரு நிழலை வைக்க முடியாது.

‘தடம்’ நல்ல சொல்தான். ஆனால் ஒலித்தடம் என்று ஏற்கெனவே குடியேறிவிட்டது. ஒரே திரையில் இரண்டு தடம் வேண்டாம்.

அப்புறம்தான் ‘சுவடு’ தோன்றியது. கால் எடுத்த பிறகும் கால் இருந்த இடத்தைக் காட்டுவது சுவடு. திரையில் தெரிவதும் அதுவே: பொம்மை இப்போது அங்கே இல்லை, இருந்த இடம் தெரிகிறது. “சுவட்டிலிருந்து ஒரு நூல் தள்ளி வை” என்றேன். யாரும் திரும்பிக் கேட்கவில்லை. மறுநாள் அந்தச் சிறுமியே பக்கத்தில் இருந்தவனிடம், “சுவடு ரொம்ப அழுத்தமா இருக்கு, குறை” என்றாள். மங்கலைக் கூட்டிக் குறைக்கும் பட்டைக்கு ‘சுவட்டு அழுத்தம்’ என்ற பெயர் அப்படித்தான் கிடைத்தது.

எண்ணெய்க் களிமண் இந்த வெயிலில் இளகி, பொம்மையின் பாதம் அட்டையில் நிஜமாகவே அச்சு வைக்கிறதே, அதுவும் சுவடு ஆகாதா என்று கேட்கலாம். பிள்ளைகள் அதைக் கறை என்கிறார்கள். குழப்பம் வரவில்லை.

இந்த இழையின் முந்தைய மடலில் ஒரு பெரியவர், முந்தைய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் தனித்தனியாக ‘முன்சுவடு, பின்சுவடு’ என்று பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். நடுவில் கெட்டுப்போன ஒரு படத்தைத் திரும்ப எடுக்கும்போது இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்பது உண்மை. ஆனால் ‘முன்’ என்பது முந்தியதா, முன்னால் இருப்பதா? முன்பு வந்தவரும் முன்னால் போகிறவரும் வேறு வேறு ஆட்கள். ‘போன சுவடு, வரும் சுவடு’ என்று வைக்கலாம். போன வாரம், வரும் வாரம் மாதிரி. மெனுவில் இது பேச்சுவழக்காகத் தெரிகிறது என்றால் மாற்று சொல்லுங்கள், ‘முன்’ மட்டும் வேண்டாம்.

கருவிகளில் பெரிதாகச் சிக்கல் இல்லை. டிரைபாட் முக்காலிதான். சென்னை ரிச்சி தெருவில் ஃபோன் பிடிப்பானோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. ஆடாமல் நிற்கிறதா என்று கடையிலேயே தட்டிப் பாருங்கள். ஃபோனைத் தொடாமல் படம் எடுக்க ஒரு புளூடூத் பொத்தான்.

ஃபிளிக்கர்தான் பாக்கி. படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி, ஓட்டிப் பார்க்கும்போது துடிப்பது. ஃபோன் தானாக வெளிச்சத்தைச் சரிசெய்வதால் வரும். திரையில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டினால் பாதி போகும். மேகம் மறைத்தாலும் வரும். எங்களுக்கு வேறொன்றும் இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பையன் மேஜையோரம் நின்ற படங்கள் மட்டும் ஒரு பொட்டு வெளுத்திருந்தன. விளக்கொளி சட்டையில் பட்டுத் தெறித்திருக்கிறது. அடுத்த நாள் கறுப்பில் வந்தான், சரியாகிவிட்டது. இதற்குப் பிள்ளைகள் “லைட் குதிக்குது” என்கிறார்கள். ‘ஒளித்துள்ளல்’ என்று நினைக்கிறேன், ஆனால் அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

இந்தச் சொற்கள் வரும் கையேட்டை வெள்ளிக்கிழமை ஜெராக்ஸுக்குக் கொடுக்கிறேன். ‘சுவடு’ வேண்டாம் என்பவர்கள் அதற்குள் எழுதுங்கள். வேறு சொல் தருபவர்கள், அதை வைத்து “இன்னும் கொஞ்சம் நகர்த்து” என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது போல ஒரு வரியும் சேர்த்து அனுப்புங்கள்.