புதுப்பிப்பு: பிஎஸ்பி-யில் ஹோம்ப்ரூ கேம் திறக்காத சிக்கல்

சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பி-யில், ஆர்வலர்கள் தாங்களே உருவாக்கிய (ஹோம்ப்ரூ) கேம் இருக்கவேண்டிய இடத்தில் 'கரப்டட் டேட்டா' என்று வருவதற்கு, முன்பு மெமரி ஸ்டிக்கை ஃபார்மட் செய்யச் சொல்லியிருந்தேன். அதைச் செய்யாதீர்கள், பெரும்பாலும் தேவையே இல்லை.

ஜிப்பை விரிக்கும்போது ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உருவாகிவிடுகிறது. பிஎஸ்பி ஒரு படி மட்டுமே உள்ளே பார்க்கும். அங்கே கேமைத் தொடங்கும் ஈபூட்.பிபிபி (EBOOT.PBP) கோப்பு இல்லையென்றால் கரப்டட் என்று காட்டிவிடும். சரியான பாதை: பிஎஸ்பி ஃபோல்டர், அதற்குள் கேம், அதற்குள் உங்கள் விளையாட்டின் ஃபோல்டர், அதில் நேராக ஈபூட். உள்ளே இருப்பதை ஒரு படி மேலே நகர்த்தினால் போதும்.

80020148 என்ற எண் வந்தால் கதை வேறு. கஸ்டம் ஃபர்ம்வேர் (ஹோம்ப்ரூவை ஓடவிடும், மாற்றியமைத்த இயக்க மென்பொருள்) அப்போது இயங்கவில்லை என்று பொருள். பிஎஸ்பி 3000 மாடலில், 6.61 என்ற ஃபர்ம்வேர் பதிப்புக்கான தற்காலிக வகையைப் போட்டிருந்தால், முழுதாக அணைத்ததும் அது போய்விடும். அதைத் திரும்ப இயக்கும் ஃபாஸ்ட் ரெக்கவரி நிரலை மறுபடி ஓட்டவேண்டும். பவர் சுவிட்சை லேசாகத் தள்ளி விட்டால் உறக்கம்தான், ஃபர்ம்வேர் அப்படியே நிற்கும். சில நொடி பிடித்தால்தான் முழு அணைப்பு.

மெனு வந்தபின் கேம் உறைந்தால் மாடலைப் பாருங்கள். 1000-இல் ரேம் 32 எம்பி, 2000 முதல் 64. 64 எம்பி மாடல்களுக்காகக் கட்டிய கேம் 1000-இல் நினைவகம் போதாமல் நின்றுவிடும். கேமோடு வரும் ரீட்மீ (விளக்கக் குறிப்பு) கோப்பை முதலில் படித்துவிடுங்கள்.