கீனோ போட்டியில் ஆடுபவருக்குச் சாதகம் உண்டா? ரீனோ போவதற்கு முன் ஒரு கேள்வி

அல்சூர்வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் என் அண்ணன் குடும்பத்தோடு வசிக்கிறார். அடுத்த மாதம் அவரைப் பார்க்கப் போகிறேன். அங்குள்ள ஒரு கசினோவில் அந்தச் சமயத்தில் கீனோ போட்டி ஒன்று நடக்கிறது என்றும், விரும்பினால் நாம் இருவரும் சேரலாம் என்றும் அண்ணன் சொல்கிறார்.

80 எண்களில் 20 எண்களைக் குலுக்கி எடுக்கும் இந்த ஆட்டம், கசினோவில் இருக்கும் ஆட்டங்களிலேயே ஆடுபவருக்கு மிக மோசமானவற்றுள் ஒன்று என்று எங்கும் எழுதியிருக்கிறது. ஆனால், பலர் கட்டணம் கட்டிச் சேர்ந்து, அதிகப் புள்ளி எடுத்தவர் பரிசு பெறும் போட்டிக்கும் அந்தக் கணக்கு பொருந்துமா? எண்களைத் தேர்ந்தெடுப்பதிலோ வேறு வகையிலோ நியாயமான சாதகம் எதையாவது தேடிக்கொள்ள முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஜெயநகர் புள்ளியியலாளர்:

நல்ல கேள்வி. சாதாரண கீனோவையும் போட்டிக் கீனோவையும் நீங்கள் பிரித்துப் பார்த்ததே சரியான தொடக்கம்.

சாதாரண கீனோவில் நீங்கள் ஆடுவது கசினோவுக்கு எதிராக. ஓர் எண்ணை மட்டும் குறித்தால் அது வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. வந்தால் பொதுவாக, கட்டிய ஒரு டாலரையும் சேர்த்து மூன்று டாலர் தருவார்கள். ஆக, கட்டிய பணத்தில் 25 விழுக்காடு கசினோவுக்கே போய்விடுகிறது. அதிக எண்களைக் குறிக்கும் சீட்டுகளிலும் நேரடிக் கீனோவில் நிலைமை ஏறத்தாழ இதுதான். 30 விழுக்காடு வரைகூடப் போகும். எந்த எண்ணைக் குறித்தாலும் இது மாறாது.

போட்டியில் நீங்கள் ஆடுவது உங்களைப் போலவே கட்டணம் கட்டிய மற்றவர்களுக்கு எதிராக. எனவே மூன்று செய்திகளை விதித்தாளில் தேடுங்கள். முதலாவது, வசூலான கட்டணம் முழுவதும் பரிசாகத் திரும்புகிறதா, அல்லது கசினோ தன் பங்காக மேலும் ஏதாவது சேர்க்கிறதா என்பது. ஆட்களைத் தங்கள் விடுதிக்கு வரவழைப்பதற்காகச் சில இடங்களில் சேர்ப்பார்கள். அந்தக் கூடுதல் தொகை ஆடுபவர்களுக்கு உண்மையான சாதகம். இரண்டாவது, போட்டிச் சீட்டுகள் வெறும் புள்ளிச் சீட்டுகளா, அல்லது உங்கள் சொந்தப் பணத்தைத் தனியாகக் கட்டி ஆட வேண்டுமா என்பது. சொந்தப் பணம் என்றால் மேலே சொன்ன 25, 30 விழுக்காடு மறுபடி உள்ளே நுழைந்து, கசினோ சேர்த்த தொகையை விழுங்கிவிடும். மூன்றாவதுதான் உண்மையில் சுவையானது: ஒரே குலுக்கலில் எத்தனை சீட்டு போட அனுமதிக்கிறார்கள் என்பது. அந்தத் தாளை அண்ணனிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

ஒயிட்ஃபீல்டு நண்பர்:

எண்களைத் தேர்ந்தெடுப்பதில் பயனே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியுமா? 1994-இல் கனடாவின் மான்ட்ரியல் கசினோவில் ஒருவர் குலுக்கலில் வந்த 20 எண்களில் 19-ஐத் தொடர்ந்து மூன்று முறை சரியாகச் சொல்லி ஆறு லட்சம் கனடா டாலருக்கு மேல் வென்றார். விசாரணைக்குப் பிறகு கசினோ அந்தப் பணத்தைக் கொடுத்தும் விட்டது. முந்தைய குலுக்கல்களின் முடிவுகளைக் குறித்துவைத்துப் படித்ததால்தானே அது நடந்தது?

ஜெயநகர் புள்ளியியலாளர்:

நடந்தது உண்மை. ஆனால் அங்கே எண்களை எடுத்தது ஒரு மின்னணுக் கருவி. அதை நிறுத்தி மறுபடி இயக்கும்போதெல்லாம் ஒரே தொடக்க எண்ணிலிருந்து கணக்கிடத் தொடங்கியதால், அதே எண் வரிசை திரும்பத் திரும்ப வந்தது. அது அந்தக் கருவியை அமைத்த விதத்தில் இருந்த ஓட்டை. அது வெளியானவுடன் அடைத்தும் விட்டார்கள். குலுக்கல் ஒழுங்காக நடக்கும் இடத்தில், நேற்று அடிக்கடி வந்த எண்ணுக்கும் நெடுநாள் வராத எண்ணுக்கும் இன்றைய வாய்ப்பு ஒன்றேதான்.

ஆனால் போட்டியில் மட்டும் எண் தேர்வுக்கு ஒரு சிறு மதிப்பு உண்டு. கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே குலுக்கல். பிறந்த நாள், திருமண நாள் என்று 31-க்குள் குறிப்பவர்கள் எங்கும் அதிகம். நீங்களும் அதே எண்களைக் குறித்தால், உங்களுக்குப் பரிசு விழும் ஆட்டத்திலேயே அவர்களுக்கும் விழுந்து, முந்த முடியாமல் போகும். சீட்டில் 1 முதல் 40 வரை மேல் பாதியிலும் 41 முதல் 80 வரை கீழ்ப் பாதியிலும் அச்சடித்திருக்கும். கீழ்ப் பாதியில் எந்த ஒழுங்கும் இல்லாமல் குறிப்பது நல்லது.

அல்சூர்வாசி:

அண்ணன் விதித்தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். சாரம் இது: 120 பேர், ஆளுக்கு 250 டாலர் கட்டணம், மொத்தப் பரிசு 33,000 டாலர். முதல் பரிசு 15,000, இரண்டாவது 6,000, மூன்றாவது 3,000, அதன் பிறகு ஒன்பது பேருக்கு ஆளுக்கு 1,000. சொந்தப் பணம் எதுவும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. இருபது இருபதாக மூன்று சுற்றுகளில் 60 குலுக்கல்கள். ஆளுக்கு 60 புள்ளிச் சீட்டுகள். எல்லாச் சீட்டும் 6 எண் சீட்டு, அதாவது ஆறு எண்களைக் குறிக்கும் சீட்டு. ஒரு குலுக்கலில் மூன்று சீட்டு வரை போடலாம். ஒரே எண்களையே மூன்றிலும் குறிக்கவும் தடையில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் புள்ளிப் பட்டியலைப் பலகையில் காட்டுவார்கள்.

இந்திராநகர் கணக்காயர்:

புள்ளியியல் நண்பர் கணக்குப் போடுவதற்கு முன்பு வரியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் குடியிருப்பு உரிமை இல்லாத வெளிநாட்டவர் சூதாட்டத்தில் வெல்லும் தொகையில் 30 விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பிளாக்ஜாக், பேக்கரா, கிராப்ஸ், ரூலெட், பிக் சிக்ஸ் சக்கரம் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கீனோ அந்தப் பட்டியலில் இல்லை. தோற்ற பணத்தைக் கழித்துக்கொள்ளும் சலுகையும் இந்தியருக்குக் கிடையாது.

உங்கள் தாளில் வசூல் 30,000, பரிசு 33,000. அதாவது சராசரி ஆட்டக்காரர் ஒருவருக்கு 250 கொடுத்தால் 275 திரும்புகிறது. அதில் 30 விழுக்காடு போனால் கையில் நிற்பது 192 டாலர் 50 சென்ட். கட்டணத்தைக் கழித்த பிறகே வரி பிடித்தாலும், 15,000 டாலர் பரிசில் அந்த 250 சொற்பம். ஆகவே நீங்கள் நட்டமில்லாமல் வெளியே வர வேண்டுமென்றால், சராசரி ஆட்டக்காரரைக் காட்டிலும் சுமார் 30 விழுக்காடு அதிகப் பரிசை ஈட்டும் திறமை வேண்டும். உங்கள் அண்ணன் அங்கே நிரந்தரக் குடியிருப்பாளர் என்றால் அவர் கணக்கு வேறு.

இன்னும் இரண்டு செய்திகள். இங்கே குடியிருப்பவர் என்ற முறையில் வெளிநாட்டில் வென்றதையும் நீங்கள் இந்திய வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரிக்கு ஈடு கேட்கலாம். லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்கு இந்தியாவிலிருந்து அந்நியச் செலாவணி அனுப்ப நம் விதிகள் தடை செய்வதால், கட்டணத்தை இங்கிருந்து வங்கி வழியே அனுப்பும் எண்ணமே வேண்டாம்.

ஜெயநகர் புள்ளியியலாளர்:

வரியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அந்த 30 விழுக்காட்டு இலக்கை வைத்துக்கொண்டே பார்ப்போம்.

6 எண் சீட்டில் ஆறும் வருவது 7,753-இல் ஒன்று. ஐந்து வருவது 323-இல் ஒன்று. 120 பேரும் குலுக்கலுக்கு ஒரு சீட்டாக 60 சீட்டுகளைப் பரப்பி ஆடினால் மொத்தம் 7,200 சீட்டுகள். அந்தக் கூட்டம் முழுவதிலும் ஆறும் வந்த சீட்டு சராசரியாக ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றுமே வராமல் போவதற்கு வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு. ஐந்து வந்த சீட்டு ஒன்றையாவது பார்ப்பவர்கள் 17 விழுக்காட்டினர், அதாவது சுமார் 20 பேர். அவர்களில் ஏறத்தாழ இரண்டு பேருக்குத்தான் அது இரண்டு முறை நேரும். பரிசோ 12 பேருக்கு. எனவே பரப்பி ஆடுபவருக்கு ஐந்து எண் ஒரு முறை வந்தாலும் அது பரிசுப் பட்டியலின் வாசற்படி வரைக்கும்தான் கொண்டுபோய் விடும்.

இப்போது நீங்கள் 20 குலுக்கல்களில் மட்டும், ஒவ்வொன்றிலும் ஒரே ஆறு எண்களை மூன்று சீட்டிலும் குறித்து ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து வருவதற்கான வாய்ப்பு 6 விழுக்காடாகக் குறைகிறது. ஆனால் வந்தால் மூன்று மடங்கு புள்ளி. இரண்டு முறை ஐந்து எடுத்தவரையும் அது தாண்டிவிடும். ஆறும் எடுத்தவர் மட்டுமே உங்களுக்கு மேலே இருக்க முடியும். அதாவது அந்த 6 விழுக்காட்டில் நூற்றுக்குச் சுமார் நாற்பது பங்கு முதல் பரிசாகவும், மீதியில் பெரும்பகுதி இரண்டாம் மூன்றாம் பரிசாகவும் முடியும். முதல் பரிசுக்கான வாய்ப்பு மட்டும் 2.4 விழுக்காடு ஆகிறது. சராசரி ஆட்டக்காரருக்கு அது 120-இல் ஒன்று, அதாவது 0.83 விழுக்காடுதான்.

எல்லாப் பரிசுகளையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால், உங்கள் சீட்டுகளின் சராசரி மதிப்பு ஏறத்தாழ 550 டாலர். வரி போக 385. கட்டணம் 250. ஆகவே இந்தத் தாளின்படி சாதகம் இருக்கிறது. பெரும்பகுதிப் பணத்தை முதல் பரிசில் குவித்துவிட்டு, மூன்று சீட்டை ஒன்றாகப் போடவும் அனுமதித்ததால் வந்த சாதகம் இது. மற்றவர்களில் பலரும் இப்படியே குவித்து ஆடினால் அது கரைந்துவிடும். நூற்றுக்கு 94 முறை நீங்கள் 250 டாலரை இழந்துதான் வெளியே வருவீர்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒயிட்ஃபீல்டு நண்பர்:

அந்த இருபது குலுக்கல்கள் எந்தச் சுற்றில் இருக்க வேண்டும்? மூன்றிலும் பிரித்துப் போடலாமா?

ஜெயநகர் புள்ளியியலாளர்:

கடைசிச் சுற்றில் வைத்துக்கொள்வதே மேல். முதல் குலுக்கலுக்கும் அறுபதாவது குலுக்கலுக்கும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் கடைசியில் ஆடுபவருக்குப் பலகை தெரியும். இரண்டு சுற்று முடிந்த நிலையில் முன்னணியில் இருப்பவர் ஐந்து எண் ஒரே ஒரு முறை எடுத்தவராக இருந்தால், முதல் பத்துக் குலுக்கல்களில் இரண்டு சீட்டில் ஒரே எண்களையும் மூன்றாவதில் வேறு எண்களையும் குறித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மூன்றிலும் ஒரே எண்களைக் குறிக்கலாம். ஆறும் எடுத்தவர் ஏற்கெனவே இருந்தால் இரண்டாம் பரிசைக் குறிவைத்து மூன்றாகவே போடலாம். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது இத்தனை சீட்டு ஆடியாக வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்பதை மட்டும் அண்ணனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழகிப் பார்க்க இணையத்தில் பணம் கட்டி ஆட வேண்டாம். 2025-இல் வந்த மத்திய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை போட்டிருக்கிறது. பைத்தானில் முப்பது வரி எழுதினால், 120 பேரின் போட்டியை ஒரு லட்சம் முறை உங்கள் மடிக்கணினியிலேயே நடத்திப் பார்க்கலாம். சிலரைப் பரப்பி ஆடுபவர்களாகவும் சிலரைக் குவித்து ஆடுபவர்களாகவும் மாற்றி மாற்றி வைத்து ஓட்டினால், எத்தனை பேர் குவிக்கும்போது சாதகம் மறைகிறது என்பது தெரிந்துவிடும்.

அல்சூர்வாசி:

மிக்க நன்றி ஐயா. இந்த வார இறுதியில் நிரலை எழுதி ஓட்டுகிறேன். அண்ணன் அங்கே நிரந்தரக் குடியிருப்பாளர்தான். அப்படியானால் நாங்கள் இருவரும் சேர்வதைவிட அவர் மட்டும் சேர்ந்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது சரியாக இருக்குமா?

இந்திராநகர் கணக்காயர்:

அதுவே நல்லது. கட்டணம் அவருடையதாகவும், சீட்டு அவர் பெயரிலும், பரிசு வந்தால் அது அவருடையதாகவும் இருக்கட்டும். நீங்கள் பணம் போட்டு அவர் பெயரில் ஆடி, வென்ற பிறகு பங்கு பிரிப்பது என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பங்குக்கு உங்கள் வரி உங்களைத் தேடி வரும். ஆட்டம் நடக்கும்போது வெளியாள் உடனிருந்து ஆலோசனை சொல்ல அனுமதி உண்டா என்பதையும் பதிவு செய்யும்போதே மேசையில் கேட்டுவிடச் சொல்லுங்கள்.