புதுப்பிப்பு: 1600 மாற்றிய பீட்டிலின் தடுமாற்றம், காரணம் பிடிபட்டது

என் 1969 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் பழைய 1300 சிசி இன்ஜினுக்குப் பதில் ட்வின் போர்ட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்டேக் வழி உள்ள) 1600 சிசி இன்ஜின் வைத்த பிறகு, சூடானதும் ஐடில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வழியே 'டப்'பென்று தும்முகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

கார்புரேட்டரில் கோளாறே இல்லை. இந்த இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்ட் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) மூன்று துண்டு. அவற்றை இணைக்க நடுவே இரண்டு ரப்பர் பூட் (உறை). இன்ஜின் ஓடும்போது இடது பூட் மேல் கார்ப் கிளீனர் (கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) ஒரு துளி அடித்ததும் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) மாறியது, அங்கே கசிவு என்று அர்த்தம். (சூடான சைலன்சர் பக்கம் அடித்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.) கழற்றினால், கண்ணில் படாத அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவு வெடிப்பு! அதன் வழியே காற்று புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது. இரண்டு பூட்டும் புதிது, கிளாம்ப்பும் புதிது.

இன்னொன்றும் அகப்பட்டது. ராத்திரி முழுக்க ஆறவிட்டு வால்வு இடைவெளி பார்த்தேன். 0.15 மி.மீ. இருக்க வேண்டும், மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையவே இல்லை. காரணம், பழைய ஃபேன் கவசத்தையே (ஃபேன் காற்றைச் சிலிண்டர்களுக்குத் திருப்பும் தகரக் கூடு) மாட்டியிருந்தேன். அதில் ஆயில் கூலர் அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்து நிற்கும், அது அதிகமாகச் சூடாகும். வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி, வால்வு எரியாமல் தப்பித்தது.

ஞாயிறு 60 கி.மீ. ஓட்டினேன். ஐடில் ஆடவில்லை, தும்மலும் இல்லை. 1971 மாடலில் கூலரைப் பின்னால் தள்ளி வைத்த கவசம் வந்தது, அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.