பாட்டை நிறுத்தச் சொன்ன முதியவர்

பதிவு 1

மெக்சிகோ நகரின் கரிபால்தி சதுக்கத்தில், மரியாச்சி எனும் வயலின், டிரம்பட், கிட்டார் குழுக்கள் பாடும் மதுக்கடையான தெனாம்பாவைப் பற்றி இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து மேசையில் தனியாக இருந்த முதியவர் மரியாச்சிக் குழுவை அழைத்து, பாடலாசிரியர் ஹோசே அல்ஃப்ரெடோ ஹிமெனெஸின் ‘எய்யா’வை (‘அவள்’) பாடச் சொல்லிக் கேட்டார். தன்னை மறுத்த காதலியை மறப்பதற்காக, மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநில வழக்கப்படி டெக்கீலா மதுவையும் மரியாச்சியையும் நாடியவனை அவ்விரண்டுமே அழவைத்துவிடும் பாட்டு அது. அவன் துயரத்தைக் கண்டு அவள் தங்கிவிட நினைக்கும் இடம் வந்ததும் முதியவர் கையை உயர்த்தி வயலின்களை நிறுத்தினார். “மெதுவாக, தம்பி. அவள் இன்னும் போகவில்லை” என்றார். டிரம்பட்டை உதட்டருகே பிடித்தபடி திகைத்து நின்ற இளைஞனின் முகம் இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

பதிவு 2

இதில் உருகுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பாட்டை எழுதியவர் 1973இல், 47 வயதில், ஈரல் சுருங்கி இறந்தார். தொலோரெஸ் இதால்கோ ஊரில், பெரிய தொப்பியும் பாட்டுகளின் பெயர் பதித்த, வண்ண ஓட்டுச் சில்லுகளாலான சரப்பே எனும் மெக்சிகோ விரிப்புமாகக் கட்டப்பட்ட அவர் கல்லறையில் ஒருவர் டெக்கீலாவை ஊற்றினார். உடன் வந்த மனைவி ஒன்றும் பேசாமல் குனிந்து, தம் சால்வை நுனியால் அந்த ஓட்டுச் சில்லுகளைத் துடைத்தார். நான் பார்த்தது அவ்வளவுதான்.

பதிவு 3

இரண்டாம் பதிவர் குடியை மட்டும் பார்க்கிறார். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாமல் வாயால் முனகியே மெட்டமைத்தவர் ஹிமெனெஸ். 1980களின் தொடக்கம் வரை பெண்கள் நுழைய முடியாத கந்தீனா எனும் மதுக்கடைகளின் ஆண் புலம்பலை, பாடகி சவேலா வார்காஸ் டிரம்பட்டுகளை விலக்கி, கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு, பெண்ணை நோக்கியே பாடினார். குவாதலஹாரா நகருக்குச் செல்லும் இரவுப் பேருந்தில் அக்குரலைக் கேட்டபோது எனக்குத் தூக்கம் போயிற்று. கரிபால்திக்குப் போகிறவர்கள் பாட்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வாசிப்பார்கள் என்றும் கேளுங்கள். குடித்தபின் பேரம் பேசாதீர்கள். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். உச்சக்குரலில் கூவ வேண்டிய இடத்தில் வெட்கப்படாமல் கூவுங்கள்.

பதிவு 4 (முதல் பதிவர்)

பேரம் எதுவும் நடக்கவில்லை. முதியவர், தாம் நிறுத்திய பாட்டுக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து பாடச் சொல்லி இன்னொரு முறையும் கொடுத்தார். இரண்டாம் முறை அவர்கள் மெதுவாகத்தான் வாசித்தார்கள்.