மறு: மறு: திருப்பினால் நிறம் மாறும் கல்லுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டிக்கு முதலாண்டு நிலவியல் மாணவர்களை அழைத்துப் போகிறோம். சஃபிரின் என்ற அரிய சிலிக்கேட் கனிமத்தை அங்கே பாறையிலேயே பார்க்கலாம். நீலமணி (சஃபயர்) போல இருப்பதால் 1819-ல் கிரீன்லாந்துக் கல்லுக்கு வைக்கப்பட்ட பெயர் அது. அந்த நிறம்தான் தொல்லை. கூடவே வரும் கார்டியரைட் என்ற கனிமமும் நீலம். இன்னொரு நீலக் கனிமமான கயனைட்டோ என்று சந்தேகம் வந்தால் நீளவாக்கில் கத்தியால் கீறிப் பார்க்கலாம், கோடு விழும். மற்ற இரண்டும் கத்திக்கு மசியாது.

கார்டியரைட்டைப் பிடிக்க எளிய வழி, ஒரு சில்லை வெயிலுக்கு எதிரே பிடித்துத் திருப்புவது. ஒரு பக்கம் ஊதா கலந்த மை நீலம். கால் வட்டம் திருப்பினால் வைக்கோல் ஊறின தண்ணீர் போல வெளிறிவிடும். இந்தக் குணத்தைப் 'பிளியோகுரோயிசம்' என்று எழுதினால் பிள்ளைகள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சொல் தாருங்கள்.

* * *

இதற்குச் சொல் தேடுவானேன்? கிரேக்கத்தில் 'மிகுதி', 'நிறம்' என்ற இரண்டும்தானே சேர்ந்திருக்கின்றன. பல் + நிறம் = பன்னிறம். பல் + நூல் பன்னூல் ஆனது போல. அந்தக் குணம் 'பன்னிறமை'. சொல்ல இனிமை, புணர்ச்சியும் சுத்தம்.

* * *

ஐயா, மன்னிக்கணும். நான் கல் பட்டை தீட்டுகிறவன். பன்னிறக் கல் என்றால் எங்கள் பட்டறையில் ஒரு முனை சிவப்பும் மறுமுனை பச்சையுமான டூர்மலினைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நீங்கள் கேட்பது வேறு. கார்டியரைட்டின் மணித்தரக் கல்லை ஐயோலைட் என்போம். அதை எந்தப் பக்கம் முகம் வைத்துத் தீட்டுகிறோம் என்பதில்தான் விலை. தவறான பக்கம் வைத்தால் கல் செத்துப்போகும். பக்கம் என்கிற பொருள் சொல்லில் இல்லாவிட்டால் பையன்கள் ஏமாறுவார்கள். 'திசைநிறம்' என்று போடுங்கள்.

* * *

பட்டறை அனுபவத்தை வணங்குகிறேன். ஆனால் திசை வடசொல். அதற்குப் பதிலாகப் 'பக்கம்' போடலாமென்றால் அதுவும் 'பட்சம்' வழி வந்ததே. 'புடை' தமிழ்தான், இன்று அதைச் சொன்னால் முறமும் வீக்கமும்தான் நினைவுக்கு வரும்.

நம்மிடம் 'புலம்' இருக்கிறது. 43-ஆம் குறளில் 'தென்புலத்தார்' என்றால் தென்திசையில் உள்ளவர். அதே குறளின் 'ஐம்புலம்' ஐந்து இடங்கள். வயலும் புலம், அறிவும் புலம். புலர்தல், புலப்படுதல் எல்லாம் ஒரே வேர் என்பது என் நெடுநாள் நம்பிக்கை. இருள் விலகித் திசை தெரிவதுதானே புலர்வது? ஆகவே 'புலநிறம்'.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வார்த்தை. மின்புலம், காந்தப்புலம் படித்த பிள்ளை 'புலநிறம்' என்றதும் ஏதோ காந்தச் சோதனை என்றுதான் நினைக்கும். அப்புறம், கையேட்டில் 'கனிமம்' என்று போட்டிருக்கிறீர்கள். நாங்கள் 'கனியம்' என்போம். இரண்டையும் ஒருமுறை அடைப்புக்குள் தந்தால் எங்கள் மாணவருக்கும் உதவும்.

* * *

கனிமமா கனியமா என்று தனி இழை தொடங்கலாம், இங்கே வேண்டாம்.

எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. 'திசைநிறம்' என்றால் வெறும் நிறம். மாறுவது அதில் வரவில்லை. 'திசைநிற மாற்றம்' என்றால் நீளம். பகலில் பச்சையாக இருக்கும் அலெக்சாண்டிரைட் கல் விளக்கொளியில் சிவப்பாவதும் நிறமாற்றம்தான், அங்கே மாறுவது வெளிச்சம். இங்கே வெளிச்சம் அதேதான், படிகத்துக்குள் அது போகிற திசை மாறுகிறது, திசைக்கொரு நிறத்தைப் படிகம் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகையால் 'திசை' முன்னால் நிற்பதே சரி.

* * *

அனைவருக்கும் நன்றி. நேற்று இரண்டு மாணவர்களிடம் ஐயோலைட் சில்லைக் கொடுத்து மூன்று சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். 'பன்னிறமை' என்றதும் கல்லை உற்றுப் பார்த்தார்கள். 'புலநிறம்' என்றதும் என்னைப் பார்த்தார்கள். 'திசைநிறம்' என்றதும், நான் ஒன்றும் சொல்லாமலே, ஒருத்தி கல்லைத் திருப்பினாள். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். சஃபிரின் என்று முடிவாக உறுதிசெய்ய மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும் என்ற வரியும் சேர்ந்துவிட்டது.

* * *

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. அடுத்த பதிப்பின் அடிக்குறிப்பிலாவது 'புலநிறம்' இடம்பெற வேண்டும் என்பதைப் பதிவு செய்கிறேன். தென்புலத்தாருக்குத் திசை காட்டிய சொல் ஒரு கல்லுக்குக் காட்டாதா? புலம்–புலர்தல் பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.