ரெண்டு வருசம் கெடந்த பரிசல் வாளை மீனுக்குத் தாங்குமாங்க?

கொளத்தூரான்:
வணக்கமுங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனி டைலர். ஆடிப் பதினெட்டுக்குப் பண்ணவாடியில மாமன் ஊட்டுக்குப் போறேன். மாமனுக்கு மேட்டூர் டேம்ல மீன்பிடி லைசென்ஸ் இருக்குது. முட்டிவலி வந்து ரெண்டு வருசமா தண்ணியில எறங்கல. பரிசல் மாட்டுக்கொட்டாய்ச் செவுத்துல சாத்திக் கெடக்குது. நான் பள்ளிக்கூடம் போறப்ப ஒரு வெடியக்காலம் வாளை ஒண்ணக் கொண்டாந்து வாசல்ல போட்டாரு, என் நெஞ்சு ஒசரம். அப்படி ஒண்ணு, தூண்டில்ல, அவரு கூட உக்காந்திருக்கறப்பப் புடிக்கோணும். அடியில தார் வெடிச்சிருக்குது. மேல ஒரு பூச்சு போதுமா? தூண்டில் நரம்பு எத்தன தடிப்பா வேணும்?

தண்ணித்தொறை:
மேல பூசாதீங்க. வெடிச்ச தாரச் சொரண்டி எடுத்துட்டு, சாக்குத் துண்டு ஒட்டி, அப்பறம் காச்சி ஊத்துங்க.

பரிசக்காரர் மகன்:
தம்பி, தாருக்கு முன்னால ஒண்ணு பண்ணுங்க. உச்சி வெயில்ல பரிசலத் தலைமேல கவுத்துக்கிட்டு உள்ள இருந்து அண்ணாந்து பாருங்க. ஓட்டை இருக்கற எடமெல்லாம் ஊசிமுனையாட்டம் வெளிச்சம் தெரியும். ஒவ்வொண்ணுலயும் ஈர்க்குக் குச்சி சொருகி வெச்சா வெளியில அடையாளம் கெடைக்கும். எங்கப்பா அப்படித்தான் பாப்பாரு. மூங்கில் பத்தைய ஒவ்வொண்ணா நெகத்தால அழுத்துங்க. மாவு கொட்டுச்சுன்னா உளுத்துப்போச்சு, அந்தப் பத்தைய மாத்தியே ஆகோணும்.

நரம்போட தடிப்ப விட நுனிதான் முக்கியம். வாளைய நன்னீர்ச் சுறாம்பாங்க. வாய் கண்ணத் தாண்டிக் கிழிஞ்சிருக்கும், உள்ள பல்லு அரமாட்டம். வெறும் நைலான் தேஞ்சு அத்துரும். கொக்கிக்கு மேல ஒரு முழம் எஃகுக் கம்பி போடுங்க. உசுரு மீனுத்தான் எரை.

தூண்டில் கயித்தப் பரிசல் விளிம்புல கட்டவே கட்டாதீங்க. நான் கட்டுனேன். மீன் கீழ்நோக்கி இழுத்துச்சு, விளிம்பு சாஞ்சு ஒரே மொடக்குல பாதிப் பரிசல் தண்ணி. கூட இருந்த என் தம்பி கத்தியால கயித்த அறுத்ததால ரெண்டு பேரும் கரை சேந்தோம். நடுவுல சப்பளங்கால் போட்டு உக்காருங்க, எந்திரிக்கவே கூடாது. மீன் இழுத்தா பரிசல் சுத்தட்டும், இழுபடட்டும், அதுலயே அது களைச்சுரும். லைஃப் ஜாக்கெட் ரெண்டு, மாமனுக்கும் சேத்து. பண்ணவாடிக்கு நேரா தூண்டில் போடாதீங்க, தண்ணிக்குள்ள பழைய கோயில், நந்தியெல்லாம் இருக்குது. கொக்கி மாட்டுனா வராது.

இன்னொண்ணு, மனசுல பட்டதச் சொல்றேன். ஆடியில வேண்டாமுங்க. புதுத்தண்ணி வர்ற மாசம், பொட்டை வாளை வயிறு பூரா சினையோட கரையோரம் மேல ஏறும். அதப் புடிச்சா நூறு மீனப் புடிச்ச மாதிரி. வாளை முன்னப்போல இல்ல. ஒகேனக்கல் பக்கம் வெள்ளம் வந்தா பரிசலுக்கும் தடை போட்டுருவாங்க.

கொளத்தூரான்:
அண்ணா, நேத்து கவுத்துப் பாத்தேன். பதினோரு ஓட்டை, மூணு பத்தை உளுத்துருக்குது. மாமன் திண்ணையில உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் குச்சி ஒடிச்சுக் குடுத்தாரு. ஆடியில தார் வேலை மட்டும் பாக்கறோம். புரட்டாசியில அவரு மீன் தொடமாட்டாரு. தீபாவளிக்குக் கம்பெனி லீவு விட்டதும் எறங்கலாம்னு இருக்கறோம். எஃகுக் கம்பி மேட்டூர்லயே கெடைக்குங்களா, ஈரோட்டுல வாங்கிட்டு வரட்டுமா?