பிள்ளைகளின் தீப்புண்ணுக்கு எந்தக் கட்டு? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து ஒரு அம்மா:

என் மகளுக்கு ஒன்றரை வயதில் கொதிக்கும் ரசம் மார்பிலும் இடது கையிலும் கொட்டிவிட்டது. குழாயடியில் நிறுத்தி நன்றாகத் தண்ணீர் விட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். (பக்கத்து வீட்டு அக்கா தோசை மாவோடு வந்து நின்றார். மாமியார் வாசலிலேயே தடுத்துவிட்டார்.) அங்கே வெள்ளையாக சில்வர் சல்ஃபாடயசின் என்ற, வெள்ளி கலந்த கிருமிக்கொல்லிக் களிம்பு பூசி, காஸ் (மெல்லிய வலைத்துணி) வைத்துச் சுற்றினார்கள். அதைத் தினமும் பிரிக்க வேண்டும். காஸ் புண்ணோடு ஒட்டியிருக்கும். சலைன் (உப்பு நீர்) ஊற்றி ஊறவைத்து உரிப்பார்கள். ஆட்டோ ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பினாலே பிள்ளை அழ ஆரம்பித்துவிடும். பழைய களிம்பு வேறு பாலேடு மாதிரி படிந்திருக்கும். அதைத் துடைத்தெடுத்தால்தான் கீழே புண் எப்படி இருக்கிறது என்றே தெரியும்.

பிறகு தங்கை மகன் மேல் டீ கொட்டியபோது வேறு டாக்டர். கொப்புளத்தைச் சுத்தம் செய்து, மயக்கம் கொடுத்து, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன ஈரமான மெல்லிய ஷீட்டைப் புண் மேல் விரித்தார். அது காய்ந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. அடியில் ஆற ஆற ஓரத்திலிருந்து தானாகவே உரிந்து வந்தது. தினசரி உரிக்கிற வேலையே இல்லை. இப்போது யார் கேட்டாலும் கொலாஜன் என்றுதான் சொல்கிறேன்.

தீக்காய வார்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ்:

அவசரப்படாதீர்கள் அம்மா. கொலாஜன் எல்லாப் புண்ணுக்கும் ஆகாது. புதிய, சுத்தமான, மேலோட்டமான புண்ணாக இருக்க வேண்டும். அடியில் சீழ் கட்டினால் எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சில்வர் களிம்பு பழசு, 1960களில் வந்தது. மேலோட்டமான புண்ணை அது தாமதப்படுத்தும். ஆனால் ஆழமான, கிருமி பிடித்த புண்ணுக்கு இன்னும் கைகொடுக்கிறது, விலையும் குறைவு. இரண்டு மாதத்துக்குக் குறைவான கைக்குழந்தைக்கு மட்டும் போடவே கூடாது. சின்னப் புண்ணுக்கு வெறும் பாரஃபின் காஸே (வாஸ்லின் மாதிரி பிசுக்கு தடவிய வலைத்துணி) போதும்.

வாழையிலை என்றால் சிலர் சிரிப்பார்கள். கிருமி நீக்கிய வாழையிலையைக் கட்டாகப் போட்டு இந்தியாவிலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். புண்ணில் ஒட்டாது, எடுக்கும்போது வலியும் குறைவு. அதற்காகக் கொல்லையில் பறித்து அப்படியே போடாதீர்கள்!

கட்டு எதுவானாலும், பிரிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வலி மருந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்கிற பெற்றோர் ரொம்பக் குறைவு.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து ஒரு அப்பா:

எங்கள் பையனுக்கு நூடுல்ஸ் தண்ணீர். இங்கே போட்டது சில்வர் ஃபோம், அதாவது புண் படும் பக்கம் சிலிக்கோன் வைத்த, வெள்ளி கலந்த கட்டு. பஞ்சு மெத்தையாக இருக்கும், புண்ணில் ஒட்டாது, ஒரு வாரம் வரை விட்டுவைக்கலாம். இதே ஊரில் குழந்தைகளிடம் மூன்று வகை சில்வர் கட்டுகளை ஒப்பிட்டு 2015இல் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஃபோம் போட்ட பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஆறியது, மாற்றும்போது வலியும் குறைவு. விலைதான் அதிகம்.

டாக்டர் முதலில் கேட்டது கட்டைப் பற்றி இல்லை. எத்தனை நிமிடம் தண்ணீர் காட்டினீர்கள் என்றுதான். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டுமாம், மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டாம். ஐஸ் மட்டும் கூடாது என்றார்.

அப்புறம், ஆறியபின் ராத்திரியில் வரும் அரிப்புக்கு யாராவது வழி கண்டீர்களா? மாய்ஸ்சரைசர் தடவுகிறோம், அது கொஞ்ச நேரம்தான் தாங்குகிறது.